மேடேறுகையில் எழும் ஓசை

பழைய பெட்ரோல் கார் மேடேறுகையில் எஞ்சினிலிருந்து ஓர் ஓசை எழுவதுண்டு. தகரக் குவளையில் நான்கைந்து கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற் போன்ற மெல்லிய கணகணப்பு அது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மறையும். அழுத்தினால் மீண்டும் வரும். பட்டறைகளில் இதனைப் 'பிங்கிங்' என்பர். வால்வுப் பக்கத்து டாப்பெட் ஓசையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. டாப்பெட் ஓசை வண்டி நிற்கும்போதும் கேட்கும்; இதுவோ சுமை ஏறினால்தான் கேட்கும்.

பிளக்கில் பிறந்த சுடர் சிலிண்டரிலுள்ள கலவையினூடே ஒழுங்காகப் பரவிச் செல்லவேண்டும். வெப்பமும் அழுத்தமும் அளவு மீறுமாயின், சுடர் சென்று சேருமுன்னரே கடைக்கோடியில் எஞ்சியுள்ள கலவை தானாகவே பற்றி வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலையின் மோதலே நம் காதில் கணகணப்பாக விழுகிறது. நாள்பட விட்டால் பிஸ்டனின் தலையில் துளை விழும்.

கடையநல்லூரில் நம் தங்கையின் வீட்டில் 1984-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. மச்சான் மறைந்தபோது விட்டுச் சென்றவை அந்த வண்டியும் ஓட்டு வீடும் மட்டுமே. மருமகன் அதற்கு மெருகேற்றி, மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு ஓட்டிவருகிறான். பழைய அம்பாசிடரில் மாப்பிள்ளை வருவது இப்போது மறுபடியும் பெருமையாகிவிட்டது. 2014-இல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்றுபோன பிறகுதான் ஊராருக்கு அதன்மீது இத்தனை அன்பு! எவ்வாறாயினும், அந்த வருவாயில்தான் தங்கை வீட்டு அடுப்பு எரிகிறது.

சென்ற ஆண்டு, செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவுக் கணவாய் ஏறும்போது அந்த ஓசை தொடங்கிற்று. முதலில் பார்த்த மெக்கானிக் டிஸ்டிரிபியூட்டரைத் தளர்த்திச் சற்றே திருப்பி, டைமிங்கைப் பின்தள்ளினார். ஓசை அடங்கியது. ஆனால் வண்டியின் இழுவையும் உடன் அடங்கியது. மூன்றாம் கியரில் ஏறிய மேட்டை இரண்டாம் கியரில் ஏற வேண்டியதாயிற்று; ரேடியேட்டர் கொதித்தது; பெட்ரோல் செலவு கூடிற்று. இரண்டு மாதங்களில் ஓசையும் திரும்பி வந்தது. அடுத்துப் பார்த்தவர், "ரீபோர் செய்யவேண்டும், 40,000 ரூபாய் ஆகும். இல்லையேல் எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். மறுநாளே பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் வந்து விலை பேசினாராம். "என்ன செய்யட்டும், அண்ணே?" என்று தொலைபேசியில் தங்கை கேட்டபோது அவள் குரல் உடைந்திருந்தது.

நம் தந்தையார் லாரி ஓட்டியவர். மதரஸா விடுமுறைகளில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தோமாதலின் எஞ்சின் நமக்கு அந்நியமன்று. பயணப்பை ஒன்றுடன் கடையநல்லூர் சென்று சேர்ந்தோம்.

மருமகன் ஒரு முடிவோடு இருந்தான். "எல்லாம் இந்தப் புதுப் பெட்ரோலால் வந்த வினை, மாமா" என்றான். அவன் கூற்றில் பாதி உண்மை இருந்தது. 2025-ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் என்பது ஆல்கஹாலே. கண்ணுக்கிடும் சுர்மாவைக் குறித்த 'அல்குஹ்ல்' என்னும் அரபுச் சொல், ஐரோப்பியர் நாவில் நுண்பொடியாகி, வடித்தெடுத்த சாரமாகி, ஈற்றில் மதுவின் பெயராயிற்று. சொல்லின் விதியை என்னென்பது! அது நிற்க. கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் உடையதாதலின் அதற்கு 9 பங்கு போதும். 20 விழுக்காட்டுக் கலவைக்கோ ஏறத்தாழ 13.5 பங்கு. பழைய கார்புரேட்டருக்கு இக்கணக்குத் தெரியாது. அதன் ஜெட், பழைய பெட்ரோலுக்கென்று துளையிடப்பட்டது. அதே அளவு எரிபொருளையே விடுகிறது. ஆகவே காற்று மிஞ்சி, கலவை மெலிகிறது. பட்டறைச் சொல்லில் 'லீன்'. மெலிந்த கலவை மந்தமாக எரிந்து எஞ்சினைச் சூடேற்றும்.

ஆயினும், தானே பற்றி வெடிப்பதைத் தடுக்கும் ஆற்றல், அதாவது ஆக்டேன், எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மிகுதி. ஒரு கையால் கலவையை மெலியச் செய்யும் அதுவே மறு கையால் கணகணப்பைத் தடுக்கவும் செய்கிறது. எனவே பழி முழுவதையும் அதன்மீது சுமத்த மனம் ஒப்பவில்லை.

உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தில் 'ஸப்ர், தக்ஸீம்' என்றொரு முறை உண்டு. ஒரு விதிக்குக் காரணமாகத்தக்கவை அனைத்தையும் முதலில் வகுத்துக்கொண்டு, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைக் காரணமெனக் கொள்வது. அதைத்தான் அன்று பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தோம். முந்திய டைமிங், சிலிண்டருள் படிந்த கரி, குளிர்விப்பில் குறை, பொருந்தாத பிளக், மெலிந்த கலவை ஆகியவை நம் பட்டியல். டைமிங் ஏற்கெனவே பின்தள்ளப்பட்டிருந்தது. தெர்மோஸ்டாட்டும் தண்ணீரும் பிளக்கின் எண்ணும் சரியாயிருந்தன. சோக்கைச் சிறிதே இழுத்து ஓட்டச் சொன்னோம். தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் சீராயிற்று; ஓசையும் குறைந்தது. சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது. அதனால் நலம் பெற்ற எஞ்சின் மெலிந்த கலவையால் வாடியதென்பதில் ஐயமில்லை. கரியென்ற ஐயமும் அத்தோடு பின்னுக்குப் போயிற்று.

மெலிந்தது எதனால்? இங்கே மருமகன் சொன்ன மற்றொரு செய்தி உதவிற்று. மேட்டில் அரைப்பங்கு அழுத்தும்போதுதான் ஓசை மிகுதி. முழுவதும் அழுத்தினால் குறைகிறது என்றான். பம்பிலோ மெயின் ஜெட்டிலோ அடைப்பென்றால், பெட்ரோல் மிகுதியும் வேண்டப்படும் முழு அழுத்தத்தில்தான் துன்பம் கூடவேண்டும். மாறாக, எங்கேனும் கள்ளக் காற்று நுழையுமானால், மேனிஃபோல்டில் வெற்றிடம் வலுத்திருக்கும் மெல்லோட்டத்திலும் குறைந்த அழுத்தத்திலுமே அது மிகுதியாக உறிஞ்சப்படும்.

பின் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக ஒரு துணிமேல் வைத்தோம். மூன்றாவதும் நான்காவதும் வெளிர்பழுப்பு. முதலிரண்டும் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தன. பெட்ரோலே காரணமென்றால் நான்கும் ஒருபோல் வெளுத்திருக்க வேண்டுமே! மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அந்த 1489 சி.சி. எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் கலவை செல்ல இரண்டே வாயில்கள்: முதலிரண்டுக்கு ஒன்று, பின்னிரண்டுக்கு ஒன்று. ஆக, குற்றம் முன்வாயிலின் இணைப்பில்.

எஞ்சினை ஆறவிட்டு, மீண்டும் ஓடவிட்டு, சூடேறுமுன் அந்த இணைப்பில் தண்ணீரைத் தூவினோம். ஓட்டம் உடனே மாறிற்று. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பர். இந்த எஞ்சினில் புகைக்குழாயும் அதே பக்கம் இருப்பதால் அது தீயை அழைப்பதாகும்; எக்காரணம் கொண்டும் செய்யற்க.

பின்னர் விசாரித்ததில், சில மாதங்களுக்கு முன் வெடித்த புகை மேனிஃபோல்டை வெல்டிங் செய்யக் கழற்றியிருந்தது தெரிந்தது. இரு மேனிஃபோல்டுகளுக்கும் கேஸ்கட் ஒன்றே. இரண்டையும் சேர்த்து அழுத்தும் வாஷர்களும் பொதுவானவை. வெல்டிங் செய்த விளிம்பு சற்றுத் தடித்துவிட்டதால் வாஷர் சாய்ந்து, மறுபுறம் அழுத்தம் பெறவில்லை. விளிம்பைச் சமமாக்கி, புதிய கேஸ்கட் இட்டு, டைமிங்கைப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார், தென்காசியில் ஓய்வு பெற்றிருக்கும் முதிய மெக்கானிக் ஒருவர். கேஸ்கட்டின் விலை சில நூறு ரூபாய்களே. புதுப் பெட்ரோலின் பங்குக்காக மெயின் ஜெட்டை ஓரளவு பெரிதாக்கினார். எத்தனாலால் இறுகி வெடித்திருந்த ரப்பர்க் குழாய்களையும் மாற்றினார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நான்கு பிளக்கும் ஒரே நிறம்.

இரும்பு வியாபாரிக்குத் தங்கையே பதில் சொல்லியனுப்பினாள். வால்வு வேலை ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்ட பின், இவ்வகைப் பழைய எஞ்சின்களில் புகைவால்வின் இருக்கை மெல்ல மெல்லத் தேய்ந்து உட்செல்கிறது. டாப்பெட் இடைவெளியும் சுருங்குகிறது. கடினமான இருக்கை பொருத்தினால் தீரும். அச்செலவை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று தங்கை சொல்கிறாள். அதுவரை மாதமொருமுறை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்குமாறு மருமகனிடம் சொல்லி வந்திருக்கிறோம்.