சம்பளக் கோடும் என் ஜெர்மனும்

2022 ஜூன் 20, திங்கள்

உதட்டை உ சொல்லக் குவித்துக்கொண்டு உள்ளே ஈ சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் ஜெர்மன்காரர்கள் தலையில் இரண்டு புள்ளி வைத்து எழுதும் அந்த உ வரும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். “சூடான பாலை ஊதுறியாம்மா?” என்றார் அத்தை. மருமகளைச் சீக்கிரம் மகனிடம் அனுப்பிவிட வேண்டும் அவருக்கு. “பொண்டாட்டி புருஷன்கிட்ட போறதுக்கு எதுக்கு பாஸ் மார்க்?”

நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் 2007 ஆகஸ்டில் வந்த சட்டம் இது. கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர் விசா வாங்கும்போதே ஏ1 என்ற ஆரம்ப அளவுக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கவும், போன இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் என்று காரணம் சொன்னார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புருஷனிடம் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி இருந்தால் பெண்டாட்டிக்குப் பரீட்சை கிடையாது. இந்த வருடம் அந்தக் கார்டுக்கு ஆண்டுச் சம்பளம் 56,400 யூரோ வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள வேலையென்றால் 43,992. எங்கள் வீட்டுக்காரர் ஸ்டுட்கார்ட் பக்கம் எஞ்சினியர். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறார். அமெரிக்கா, ஜப்பான் பாஸ்போர்ட்காரர்களுக்கும் விலக்கு உண்டு. கட்டாயக் கல்யாணம் சம்பளச் சீட்டைப் பார்த்தா நடக்கிறது?

ஜூலை 9, சனி

குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி, அங்கே பஸ் மாறி அண்ணா நகர் வகுப்பு. நெடுஞ்சாலை ஓரம் புதிய பஸ் நிலையத்துக்கு வேலை நடக்கிறது. பூந்தமல்லியில் மெட்ரோ வேலை. வண்டி ஊர்ந்தால் எனக்கு லாபம். முன்னால் போகும் லாரிகளின் நம்பரை ஜெர்மனில் படிப்பேன். இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். படித்து முடிப்பதற்குள் லாரி போய்விடும்.

இன்று டீச்சர் பாடத்தை விட்டுவிட்டு ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கதைக்குப் போனார். 1706-ல் இதே ஜூலை 9-ம் தேதிதான் அவர் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் படித்தவர். எல்லோரும் அவரைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அவர் மனைவி மரியா டொரோதியாமேல்தான் கண். ஊருக்குப் போன சீகன்பால்கு அங்கே கல்யாணம் செய்து, 1716-ல் அவரையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குத் திரும்பினார். மூன்று வருடத்துக்குள் கணவர் இறந்துபோனார். கணவனை நம்பிக் கடல் கடந்து வந்த அந்தப் பெண்ணிடம் புறப்படும் முன் யாரும் தமிழில் பாஸ் மார்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு உதவியாகக்கூட இருந்திருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. சட்டத்தைத் திட்டிக்கொண்டே அதன் பக்கமும் சாய்கிறேன்.

செப்டம்பர் 14, புதன்

நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட், கதே இன்ஸ்டிட்யூட்டில் பரீட்சை. பழைய ஆட்கள் மாக்ஸ் முல்லர் பவன் என்பார்கள். அந்த முல்லர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை!

கேட்பது, படிப்பது, எழுதுவது முடிந்து கடைசியில் பேச்சு. நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும். பெயர், வயது, நாடு, ஊர், மொழி, தொழில், பொழுதுபோக்கு என்று ஒவ்வொருவராகத் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். விஜயலட்சுமி என்று பெயர் வைத்த தாத்தாவை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்: ஃபௌ, ஈ, யோட், ஆ, உப்ஸிலோன்... எதிரில் இருந்த அம்மா சிரித்தபடி தலையாட்டினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரவி கொடுத்துவைத்தவர், நாலே எழுத்து.

தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றே சொல்லச் சொல்லி வகுப்பில் பழக்கியிருந்தார்கள். சுலபமாம், கூடுதல் கேள்வி வராதாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கல்யாணம் வரைக்கும் ஜிஎஸ்டி கணக்கு போட்டவள் நான். கணக்காளர் என்றே சொன்னேன். கூடுதல் கேள்வி எதுவும் வரவில்லை.

2023 ஜனவரி 2, திங்கள்

பாஸ் செய்த சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது. விசாவுக்கு நாள் கிடைக்கக் காத்திருக்கிறேன். காலையில் அவர் போன். ஜெர்மனியில் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். டிசம்பர் 31 முதல், வேலைக்குப் போயிருக்கும் திறன்பெற்ற பணியாளர்களின் மனைவிக்கும் கணவனுக்கும் ஏ1 தேவையில்லை. “அவ்வளவு அலைஞ்சது வீண்தானே?” என்று அவர் வருத்தப்பட்டார். அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், பரீட்சைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சம்பளக் கோட்டை அழித்தது நல்லது, இன்னும் முன்னாலேயே அழித்திருக்கலாம். அங்கே போனால் இன்டக்ரேஷன் கோர்ஸ் எப்படியும் இருக்கிறது: மொழிக்கு 600 மணி நேரம், நாட்டைப் பற்றி 100. இறங்கிய நாளிலிருந்து வேலை பார்க்க எனக்கும் அனுமதி உண்டு. ஆனால் கணக்கு வேலைக்கு ஏ1 ஜெர்மன் எந்த மூலைக்கு? ஏ2 வகுப்பு சனிக்கிழமை தொடங்குகிறது. அவரிடம் கேட்காமல், என் பழைய பி.எஃப். பணத்திலிருந்து ஃபீஸ் கட்டிவிட்டேன்.