ஐயங்குளத்துத் தெப்பல்

வியட்நாம் தேசத்து ஹாலோங் விரிகுடாவில் ஓரிரவு படகிலேயே உறங்கி எழுந்து வந்த நண்பர், "உங்கள் திருவண்ணாமலையில் இப்படி ஏதேனும் உண்டா, ஐயா?" என்று கேட்டார்.

உண்டு, ஆனால் படகில் நமக்கு இடமில்லை! கார்த்திகைத் தீபத்துக்குப் பின் 3 இரவுகள் ஐயங்குளத்தில் தெப்பல் உற்சவம். முதல் நாள் சந்திரசேகரர், மறுநாள் பராசக்தி அம்மன், மூன்றாம் நாள் சுப்பிரமணியர் ஏறி வலம் வருவார்கள். நாம் கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாகஸ்வர இசை நீரின்மேல் தவழ்ந்து வரும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் 11 நாட்கள் எரியுமல்லவா? நிமிர்ந்தால் அந்தச் சுடர். குனிந்தால் நீரில் நடுங்கும் தெப்பல் விளக்குகள்.

அந்த நீர்தான் சங்கதி. ஆண்டு முழுவதும் குளத்தில் குப்பையை எறிந்துவிட்டு, உற்சவத்தன்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, சுவாமி எதில் மிதப்பார்?

அடுத்த கார்த்திகைக்கு நண்பர் வருகிறாராம். இடம் படிக்கட்டில்தான் என்று எழுதிவிட்டேன்.