தூக்குவதற்கு முன்

தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்துவிட்டவர்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். அச்சன்புதூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன். அதனால் ‘தோழா’ மாதிரிப் படம் பார்த்தால் எனக்கு நடிப்பில் கவனம் நிற்பதில்லை. வீல்சேரில் இருக்கும் நாகார்ஜுனாவை உதவியாளாக வரும் கார்த்தி எப்படித் தூக்குகிறார் என்றுதான் பார்ப்பேன்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதில்தான் நம்பிக்கை முழுதும் இருக்கிறது. வண்டியைக் கட்டிலோடு ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டை விலக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுக்கவே கூடாது. வலுவிழந்த தோள் மூட்டு விலகிவிடும். படுத்திருப்பவரின் முழங்காலுக்கு என் முழங்காலை அண்டக் கொடுத்து, இடுப்பைப் பிடித்து, அவரை முன்னால் சாய்த்துத்தான் எழுப்ப வேண்டும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டும்.

“அண்ணாச்சி, தூக்கட்டுமா?”

“பொறுடே. வலது கால் மடங்கிக் கிடக்கு பாரு.”

அவருக்குக் காலில் உணர்ச்சி கிடையாது. கண்ணால் பார்த்துச் சொல்கிறார். நான் குனிந்து காலை நேராக்கிய பிறகுதான், “ம், தூக்கு” என்கிறார். அவர் சொல்லாமல் நான் தூக்குவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

‘தோழா’வுக்கு மூலமான 2011 பிரெஞ்சுப் படத்தில், உணர்ச்சி இல்லையா என்று பார்க்க, வீல்சேரில் இருக்கும் பணக்காரரின் காலில் சுடுதேநீரை ஊற்றுவான் உதவியாள். அரங்கம் சிரிக்கிற இடம். எனக்கு வயிறு கலங்கும். வலி தெரியாத தோலும் வெந்துதான் போகும், ஆற நாளாகும். ஆனால் பரிதாபப்படாத ஒருவன் வேண்டும் என்று அந்தப் பணக்காரர் தேடுவது சத்தியமான விஷயம். பரிதாபத்தோடு வருகிறவர்கள் கேட்காமலே தூக்கிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து ஆய்க்குடியில் இன்னொரு கதை உண்டு. எஸ்.ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ் அசைவை இழந்தார். தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1992-இல் அவரோடு வந்து சேர்ந்தவர் ஆடிட்டர் எஸ்.சங்கரராமன், தசைச் சிதைவு நோயால் அவரும் வீல்சேரில்தான் இருந்தார். ஒருவரை ஒருவர் தூக்கிவிட முடியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெரிய நிறுவனத்தையே வளர்த்தார்கள்.

சினிமாவில் நண்பன் என்றால் நல்ல உடம்புக்காரன், தூக்குகிறவன். ஆய்க்குடிக் கதையில் தூக்குகிறவன் மூன்றாவது ஆள். அதை யாராவது படமாக எடுத்தால், கேமராவை வீல்சேரில் இருப்பவரின் கண் உயரத்தில் வைக்கச் சொல்வேன். அந்த உயரத்தில் அவர்கள் இருவர் முகமும் நேருக்கு நேர் தெரியும். என்னைப் போன்றவனின் இடுப்பும் கையும் மட்டும் ஃபிரேமுக்குள் வந்துபோனால் போதும்.