எட்டாம் மாதத்துப் பிள்ளை

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைத்தாலும் பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று எங்கள் ஊர்ப் பெண்மக்கள் உறுதியாகச் சொல்வார்கள். 1967ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில் பிறந்த என் தங்கையை அந்தச் சொல்லோடுதான் வீட்டார் வரவேற்றனர். பிறந்த சிறிது நேரத்திலேயே குளிப்பாட்டி, உம்மாவிடமிருந்து விலக்கித் தனிப் பாயில் கிடத்தினார்கள். சீனித் தண்ணீரில் நனைத்த துணித்திரியை நாவில் வைத்தார்கள். எனக்கு அப்போது வயது ஒன்பது. சில்லிட்டிருந்த அந்தப் பாதங்களைத் தொட்டுப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் வாப்பா அவளைக் கையில் ஏந்திச் சென்றார்கள். தன் வயிற்றில்தான் ஏதோ குறை என்று உம்மா மவுத்தாகும்வரை எண்ணியிருந்தார்கள்.

கருவில் தங்கும் நாள் கூடக்கூடப் பிள்ளைக்கு வலுவும் கூடும். எட்டைவிட ஏழு மேல் என்பது வெறும் நம்பிக்கையே. ஆயினும் அந்த நம்பிக்கையால் எத்தனை வீடுகளில் முதல் நாளே கைவிட்டிருப்பார்களோ!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு 32ஆவது வாரத்தில் பெண் பிறந்தது. எடை 1,500 கிராம். மூச்சு சீராயிருப்பதைப் பார்த்தபின், தொப்பியும் இடைத்துணியும் மட்டும் அணிவித்து, தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திச் சாய்த்துத் துணியால் கட்டினார் செவிலிப்பெண்.

"குளிப்பாட்டாமலா?" என்றேன்.

"ஒருநாள் கழியட்டும் பாட்டிம்மா. தண்ணீர் பட்டால் இருக்கிற சூடும் போய்விடும்."

குறைமாதப் பிள்ளைக்கு எடைக்கு ஒப்பத் தோலின் பரப்பு அதிகம். தோலுக்கடியில் கொழுப்போ மிகக் குறைவு. ஆகவே உடற்சூடு விரைவில் வெளியேறும். குளிர்ந்த உடல், இருக்கும் சர்க்கரையையும் பிராணவாயுவையும் சூடுண்டாக்கவே செலவிட்டுவிடும். அதை அறிந்தபோது அந்தத் தனிப் பாய் என் கண்முன் வந்தது.

இம்முறை தொடங்கியது கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978இல். இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றிலேயே பல பிள்ளைகளை வைக்க நேர்ந்து, தொற்றும் மரணமும் பெருகியிருந்த மருத்துவமனையில், எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தாயின் மார்பையே நாடினார். ஏழ்மை காட்டிய வழி என்று பலர் இதை ஒதுக்கியதுண்டு. பின்னர் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள பிள்ளைகளிடம் ஆய்வு நடந்தது. நிலைமை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனே மார்போடு அணைத்தபோது, முதல் 28 நாள்களில் இறந்தோர் நூற்றுக்கு 12. வழக்கமான முறையில் ஏறத்தாழ 16. 2021இல் இம்முடிவு வெளிவந்தது. நூற்றுக்கு நான்கு சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த நால்வரில் ஒருத்தியை நான் தொட்டிருக்கிறேனோ என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

மருமகன் பிள்ளையின் காதருகே குனிந்து, மகளின் மார்பிலிருந்து அதை எடுக்காமலே பாங்கு சொன்னார். நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இயன்றால் நாள் முழுவதுமே, அணைப்பு தொடரவேண்டும் என்றார்கள். மகள் உறங்கும் வேளையில் மருமகனே சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அமர்ந்தார். எங்கள் குடும்பத்தில் எந்த ஆண்மகனும் செய்திராத காரியம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். பீய்ச்சிய தாய்ப்பாலைச் சிறு கிண்ணியால் ஊட்டினோம். தேன் வைக்கவேண்டுமென்று உறவினர் ஒருவர் வந்தபோது வாசலிலேயே தடுத்தவள் நான்தான்.

ஒவ்வொரு விடியலிலும் சுபுஹு தொழுதுவிட்டு, போர்வைக்குள் கைவிட்டு அவள் பாதங்களைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாயிருக்கும்.