பதினொரு நொடிகள்

பழைய ஒலிநாடாக்களுக்கென்று ஒரு நெடி உண்டு. அசிட்டேட் தளத்தில் செய்யப்பட்ட நாடா ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால், மெல்லச் சிதைந்து காடியைப்போல் புளித்து நாறத் தொடங்கும். 2005ஆம் ஆண்டு ஒரு பிற்பகலில், கடற்கரைப் பங்கு ஒன்றின் தந்தை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தகரப் பெட்டியைத் திறந்தபோது, அந்த நெடிதான் முதலில் எழுந்தது. உள்ளே ஐந்து அங்குலச் சுருள் ஒன்று. அதன் அட்டையில், “உபதேசியார் பேச்சு, 1966” என்று பென்சிலால் எழுதியிருந்தது.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். பழைய ஒலிப்பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தூய்மை செய்வது எனக்கு ஒரு பித்தாகவே ஆகியிருந்தது. அவ்வூர் ஆலயத்தின் நூற்றாண்டு விழா மலரோடு இப்பேச்சையும் குறுந்தகடாக வெளியிட விரும்பினார்கள். “ஒரே இரைச்சலா இருக்கு, சார். கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுங்க” என்றார் தந்தை. அதைவிட இன்பமான வேண்டுகோள் எனக்கு அன்று வேறில்லை.

உபதேசியார் அப்போது எண்பது வயதை எட்டியிருந்தவர். மின்கலத்தில் இயங்கும் சிறு பதிவுக் கருவியோடு வந்த ஒரு குருவானவர், கடலோரத்து வீட்டின் முற்றத்தில் அவரை அமர்த்திப் பேச வைத்திருக்கிறார். நாற்பது நிமிடப் பேச்சு. ஒவ்வொரு கட்டுமரமும் தன் பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கியது, பெண்கள் தலைச்சுமையாகச் சுண்ணாம்பு சுமந்தது, கடலுக்குப் போன தம்பி ஓரிரவு திரும்பாமலே போனது எனத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு போகிறார். எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாத வரலாறு.

இரைச்சல் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் பல சாதி. இசைத்தட்டின் கீறல் ‘டக்’கென்று வெடிக்கும், அது ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கே நீடிப்பது. அந்தச் சிறு துண்டை வெட்டியெறிந்துவிட்டு, இருபுறமும் உள்ள அலைவடிவைக் கொண்டு இடைவெளியைக் கணித்து நிரப்பிவிடலாம். மின்கம்பியிலிருந்து நுழையும் முரல் ஒலி நம் நாட்டில் நொடிக்கு 50 அதிர்வு. அதனையும் அதன் மடங்குகளையும் மட்டும் குறிவைத்து நீக்கலாம். இச்சுருளில் அம்முரல் அறவே இல்லை. அந்த முற்றத்திற்கு மின்சாரம் வந்திருக்கவில்லை என்பதை, எவரும் சொல்லாமலே நாடா எனக்குச் சொல்லிற்று.

வேறொரு குறை இருந்தது. மின்கலம் தளரத் தளரப் பதிவுக் கருவியின் வேகமும் தளர்ந்திருக்கிறது. அவ்வாறு பதிந்த நாடாவைச் சீரான வேகத்தில் ஓட்டினால், பேச்சு முடிவை நெருங்க நெருங்கக் குரல் உயர்ந்து கீச்சிடும். எந்த வேகம் உண்மையான வேகம் என்று எதை வைத்து அளப்பது? வழி காட்டியது கோயில் மணி. பேச்சின் தொடக்கத்தில் ஆறு மணிக்கான மூவேளைச் செப மணியும், இறுதிப் பகுதியில் செபமாலைக்கு அழைக்கும் மணியும் தொலைவில் ஒலிக்கின்றன. இரண்டும் ஒரே மணி. நான் அவ்வூருக்கே சென்று, இன்றும் தொங்கும் அந்த மணியின் நாதத்தைப் பதிந்து வந்து, அதற்கு இணையாகப் பேச்சின் வேகத்தை இழுத்துச் சரிசெய்தேன். அந்த வேலையைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

இதில் ஏமாறியவர்கள் எளியவர்கள் அல்லர். பிரெஞ்சுக்காரரான ஸ்காட் தெ மார்தென்வில், 1860 ஏப்ரல் 9 அன்று, புகைக்கரி படிந்த தாளில் ஒரு பாட்டின் அதிர்வுகளைக் கோடாக வரைந்தார். திரும்பக் கேட்பதற்காக அன்று, கண்ணால் காண்பதற்காகவே. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அக்கோட்டைக் கணினியின் துணையால் ஒலியாக்கியபோது, ஒரு சிறுமி பாடுவதாக உலகம் வியந்தது. அளவுக்காக அருகில் வரைந்திருந்த இசைக்கவையின் அதிர்வெண்ணை இருமடங்காகக் கொண்டுவிட்டதை மறு ஆண்டில்தான் உணர்ந்தார்கள். வேகத்தைப் பாதியாக்கியதும் சிறுமி மறைந்தாள். தடித்த ஆண் குரல் ஒன்று மெதுவாகப் பாடிற்று. பெரும்பாலும் அது ஸ்காட்டின் குரலாகவே இருக்கவேண்டும் என்கிறார்கள்.

வேகத்தைச் சீராக்கிய பின் எஞ்சியது, பேச்சு முழுவதும் விரவிக்கிடந்த ‘உஸ்’ என்னும் இரைச்சல். இவ்வகையை வெட்டியெடுக்க முடியாது, கழிக்கத்தான் முடியும். கணினி ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்க்கிறது. இரைச்சல் மட்டும் உள்ள ஓரிடத்தை நாம் முதலில் மாதிரியாகக் காட்டிவிட்டால், அந்த மாதிரியின் அளவை எல்லாத் துண்டுகளிலிருந்தும் கழித்துவிடும். ஆக, யாரும் பேசாத ஓர் இடம் வேண்டும். தேடினேன். தம்பி திரும்பாத இரவைச் சொல்லி முடித்ததும் உபதேசியார் நிறுத்துகிறார். பதினொரு நொடிகள் பேச்சில்லை. இதைவிடச் சிறந்த மாதிரி வாய்க்காது என்று மகிழ்ந்து, அந்தப் பதினொரு நொடிகளையே கருவிக்குக் காட்டினேன்.

முடிவு அற்புதமாக இருந்தது, அல்லது அவ்வாறு எனக்குத் தோன்றிற்று. கரிய பட்டில் வைத்த மணிகளைப்போல் சொற்கள் தனித்தனியே நின்றன. ஒரு முறை ஓட்டியதிலேயே மூன்று இடங்களில் அறுந்திருந்த நாடாவைத் திருப்பிக் கொடுத்து, “இனி இது தேவைப்படாது, சாமி” என்று சொன்னவன் நானே. பங்கு இல்லத்தில் அதை எறிந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயம் இல்லை. கணினியில் இருந்த தூய்மை செய்யாத மூலப் பதிவையும், இடம் அடைத்துக்கொண்டிருந்ததென்று இரண்டு வாரங்களில் அழித்தேன்.

விழா நாளில் கோயில் வளாகத்தில் ஒலிபெருக்கியில் பேச்சைப் போட்டார்கள். எல்லாரும் பாராட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு, உபதேசியாரின் மகளை என்னிடம் அழைத்து வந்தார்கள். எழுபத்தேழு வயது. பதிவு நடந்த அன்று முற்றத்தில் உடனிருந்தவர்.

“அப்பா கொரலுதான் தம்பி” என்றார். சற்றுத் தயங்கினார். “சித்தப்பா கதையைச் சொல்லிட்டு அப்பா பேசாம இருப்பாரு. அந்த இடத்துல கடலுதான் கேக்கும். அதைக் காணோமே?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அலைகள் கரையில் விரிந்து வடியும் ஓசையும் நாடாவின் ‘உஸ்’ஸும் கணினியின் கணக்கில் நெருங்கிய உறவினர்; இரண்டும் எல்லா அதிர்வெண்களிலும் பரவிக் கிடப்பவை. நான் மாதிரியென்று எடுத்துக் காட்டியது கடலை. கருவி பணிவோடு நாற்பது நிமிடத்திலிருந்தும் கடலைக் கழித்துவிட்டது. வீடு திரும்பி மீண்டும் கேட்டேன். பதினொரு நொடிகளும் கல்லறைபோல் கிடந்தன. அதோடு முடியவில்லை. பேச்சைத் தொடங்குமுன் அவர் “சேசு, மரி, சூசை” என்று சொல்கிறார். சகரம் என்பது பல்லிடுக்கில் பிறக்கும் காற்றொலி. அதுவும் இரைச்சலின் குடும்பமே. மரி மட்டும் முழுமையாக இருந்தார். மற்ற இரு பெயர்களும் உயிரெழுத்துகளாகத் தேய்ந்துபோயிருந்தன. நூறு முறை கேட்டும் என் செவிக்கு அது படவில்லை. சொல் இன்னதென்று முன்பே அறிந்திருந்ததால் மனமே ஒலியை நிரப்பிக்கொண்டது. களையைப் பறிக்கப் புறப்பட்ட பணியாளர்களைத் தடுத்த நிலக்கிழாரின் உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் கேட்டவன் நான். கணினியின் முன்னே அது நினைவுக்கு வரவில்லை.

அதன் பிறகு பழைய பதிவுகளை வேறு செவியோடு கேட்கலானேன். நம் முன்னோர் பதின்மூன்றாம் சிங்கராயர் என்றழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1810இல் பிறந்தவர்; 1903இல், தாம் இறந்த அதே ஆண்டில், பெத்தினி என்பவரின் பதிவுக் கருவிமுன் இலத்தீனில் மங்கள வார்த்தைச் செபத்தைச் சொன்னார். அதன் இரு வடிவங்களைக் கேட்டிருக்கிறேன். மிகத் துப்புரவாக்கியதில் சொற்கள் கேட்டன. கரகரப்பு மண்டியதில், அக்கரகரப்பின் பின்னே, தொண்ணூறு கடந்த ஒரு மனிதரின் நடுக்கம் கேட்டது. நான் இரண்டாவதையே வைத்துக்கொண்டேன்.

கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பைச் சேர்ந்த இசைத்தட்டுகளும் உண்டு. 1913 முதல் 1929 வரை பதியப்பட்டவை. தமிழும் அவற்றுள் ஒன்று. மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்க அவர் தேர்ந்துகொண்ட கதை, ஊதாரி மைந்தன் உவமை. எனவே தந்தை ஓடிச்சென்று மகனைக் கட்டித் தழுவுவதைப் பல மொழிகளில், கீறல்களுக்கிடையே கேட்கலாம். 1925க்கு முன் மின்சார ஒலிவாங்கி இத்துறைக்கு வரவில்லை. பேசுபவர் ஒரு கூம்பின் வாயருகே குரலெழுப்ப, அக்காற்றின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறிற்று. சகரத்தின் கூர்மையைப் பதிக்க அவ்விசைக்குத் திறன் போதாது. அரக்குத் தட்டிலோ அரைத்த கல்மாவு கலந்திருக்கும். ஊசி உராயும்போதெல்லாம் சகரம் இருக்கவேண்டிய அதே இடத்தில் தன் சீறலைத் தட்டே நிரப்பிவிடும். அச்சீறலை முழுதும் துடைத்தாலும் அதன் கீழே எதுவும் இராது. பேசியவரோடு அது போயிற்று.

பெரிய ஒலிக்காப்பகங்கள் இதற்கு ஒரு நெறி வைத்திருக்கின்றன. மூலத்தை உள்ளது உள்ளபடியே, கீறலோடும் முரலோடும், ஒரு படி எடுத்துக் காப்பார்கள். தூய்மையெல்லாம் வேறொரு படியில்தான். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதியும் வைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு, அளவீட்டைத் திருத்தாதே, அடித்துவிட்டு அருகில் எழுது என்று முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தெரியாத நெறியா?

சில ஆண்டுகளுக்குப் பிறகு என் பேரன் ஒரு யோசனை சொன்னான். அதே கரைக்குப் போய் அலையோசையைப் பதிந்து வந்து, பேச்சின் அடியில் மெல்லக் கலந்துவிடலாம், எவருக்கும் வேறுபாடு தெரியாது என்றான். பொய்யில்லை, தெரிந்திராது. ஒரு மாலை கருவியை எடுத்துக்கொண்டு போகவும் போனேன். கடல் அரித்ததில் அந்த வீடு நின்ற இடமே இப்போது நீருக்குள் இருக்கிறது. அலைகள் விழுவது கொட்டிவைத்த பாறாங்கற்களின் மேல். ஓசை வேறு. கருவியை உறையிலிருந்து எடுக்காமலே திரும்பினேன்.

அம்மூதாட்டி இறக்குமுன் ஒரு குறுந்தகடு கேட்டிருந்தார். கொடுக்கும்போது அதன் உறையில் என் கையாலேயே எழுதினேன்: “உபதேசியார் பேச்சு, 1966. வேகம் கோயில் மணியைக் கொண்டு சீராக்கப்பட்டது. கடலோசை நீக்கப்பட்டுள்ளது.” அதன் கீழே என் பெயரும் நாளும்.