அடுப்பு மூட்டாத ஈஸ்டர்

மங்களூரின் கத்தோலிக்கக் குடியிருப்புகளில் புனித சனிக்கிழமையை மூக்காலேயே கண்டுபிடித்துவிடலாம். அரைத்த முந்திரி சர்க்கரையோடு சேர்ந்து அடுப்பில் சுருளும் மணம் தெருவரை வரும். மார்சிபான் முட்டைகள். ஐரோப்பாவில் பாதாமில் செய்யும் பண்டம் இந்தக் கடற்கரைக்கு வந்து முந்திரிக்கு மாறி நெடுங்காலமாகிறது. முந்திரி இங்கே கொல்லையில் காய்ப்பது. பாதாம் காசு கொடுத்து வாங்குவது.

2025 ஏப்ரல் 19 அன்று, அந்தத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் மணம் வரவில்லை. 40 வருடங்களுக்கும் மேலாக ஈஸ்டர் முட்டை செய்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பிய பாட்டி, அந்த வருடம் செய்யப்போவதில்லை என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டார். முழங்கால் வலி என்றார். நின்று கிண்ட முடியாதாம். மருமகளுக்குக் காரணம் தெரியும். முழங்காலில் அல்ல, பேரனின் முழங்கையில் இருந்தது அது.

நான்கு மாதங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்கான குஸ்வார் பலகாரங்கள் நடந்துகொண்டிருந்தன. நெவ்ரி முடிந்து, கிடியோ பொரித்தாகிவிட்டது. மாவை முள்கரண்டியில் உருட்டிச் சுருளாக எடுத்துப் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். கிடியோ என்றால் கொங்கணியில் புழுக்கள். குழந்தைகளுக்கு அந்தப் பெயருக்காகவே அதன் மேல் பிரியம். பாகைப் புரட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒரு நிமிடம் திரும்பினார். ஒன்பது வயதுப் பேரன் ஒன்றை எடுக்கக் கை நீட்டினான். பாத்திரம் சரிந்தது.

கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும். பாகு அதைத் தாண்டி 110, 115 என்று ஏறும். மேலே பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டிலிருந்து பற்பசையோடு ஒருவர் ஓடி வந்தார். இன்னொருவர் ஐஸ் கட்டி என்றார். தாய் இரண்டையும் மறுத்து, மகனின் இடது கையைக் குழாயடியில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. புண் ஆறிவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு நோக்கி ஒரு தழும்பு மட்டும் நிற்கிறது.

மாமியாரை யாரும் குறை சொல்லவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில், "விடு மாய், நடந்தது நடந்துவிட்டது" என்றார். ஆனால் அதன் பின் பாட்டி, குழந்தைகள் வீட்டில் இருக்கும்போது அடுப்பைத் தொடுவதில்லை. பையன் சமையலறைக்குள் வருவதில்லை. குக்கர் விசில் கேட்டால் எழுந்து மாடிக்குப் போய்விடுவான். தண்ணீர் வேண்டுமென்றால் ஆறு வயதுத் தங்கை கொண்டுவந்து கொடுப்பாள். சில நாள் அதற்குக் கூலியும் கேட்பாள்.

அடுப்பே இல்லாமல் ஒரு ஈஸ்டர் செய்துவிட்டால் என்ன என்று தாய்க்குத் தோன்றியது இப்படித்தான். பள்ளி விடுமுறை, சாக்லேட் என்றால் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை உலகத்திலேயே இல்லை. ஈஸ்டர் முட்டைக்கும் சாக்லேட்டுக்கும் உறவு அப்படியொன்றும் பழையதல்ல. பழைய ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு அது தெரியாது, இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டர் பண்டிகையின் அடையாளமாயின. பிரிட்டனில் ஃப்ரை நிறுவனம் சாக்லேட் முட்டை செய்தது 1873இல்தான்.

வாங்கிய சாமான்கள் கொஞ்சம். 200 கிராம் மாரி பிஸ்கட், 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டப்பாவில் பாதி, மூன்று மேசைக்கரண்டி கோக்கோ தூள், ஒரு பிடி முந்திரி, கொஞ்சம் வெண்ணெய், இரண்டு பெரிய கறுப்பு சாக்லேட் கட்டிகள், ஒரு பாக்கெட் கார்ன்ஃபிளேக்ஸ். கடைக்காரர் சாக்லேட்டுக்குப் பதில் காம்பவுண்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. காம்பவுண்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் மங்களூரின் ஏப்ரல் புழுக்கத்திலும் இறுகி நிற்கும். தாய்க்கு உருகுவதுதான் வேண்டியிருந்தது.

கடை விரித்தது சமையலறையில் அல்ல, கூடத்துச் சாப்பாட்டு மேசையில். பையன் மேசையின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்தான். பிஸ்கட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுப் பூரிக்கட்டையால் நொறுக்குவது அவன் வேலை. நான்கு மாதக் கோபம் அத்தனையும் அந்தப் பையின் மேல் இறங்கியது. மாவாகவே ஆக்கிவிட்டான், அங்கங்கே துண்டு நின்றால்தான் கடிக்க நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

தாய் உள்ளே போய்ச் சுடுதண்ணீர் வைத்து, அடுப்பை அணைத்த பிறகே பாத்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். அதன் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் உடைத்துப் போட்ட சாக்லேட். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, ஆவி போதும். விளிம்பு முதலில் பளபளத்து, பிறகு நடுப்பகுதி குழைந்தது. பையன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"சுடுமா?"

தாய் ஒரு சொட்டை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டார். பிறகு கணக்குச் சொன்னார்: நம் உடம்பின் சூடு 37 டிகிரி, சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு 34லேயே உருகிவிடும், வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். இந்தக் கிண்ணத்தில் இருப்பது காய்ச்சல்காரன் உடம்பை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பையன் யோசித்தான். விரல் நுனியால் தொட்டான். எடுத்தான். மறுபடி தொட்டு, இந்த முறை நக்கினான். நாற்காலி தானாக முன்னுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தங்கை கை கழுவிவிட்டு ஓடி வந்தாள். துடைக்கவில்லை. கரண்டியைப் பிடித்த கையிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் கிண்ணத்தில் விழ, அதுவரை பட்டுப் போல இருந்த சாக்லேட் ஒரு நிமிடத்தில் ஈர மண்ணாகத் திரண்டுவிட்டது. உருகிய சாக்லேட்டுக்கு நிறைய ஈரம் ஆகும், கொஞ்சம் ஈரம் ஆகாது. சிறு துளி பட்டால் அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிறுமி அழத் தயாரானாள்.

"நீ வேண்டுமென்று செய்யவில்லை" என்றான் அண்ணன். தாய் திரும்பி அவனைப் பார்த்தார். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

திரண்டதைக் கொட்ட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் குழம்பாக இளகிவிடும். மறுபடி கட்டி சாக்லேட்டாக இறுகாது, அவ்வளவுதான். பிஸ்கட் தூளில் அதை ஊற்றி, கண்டென்ஸ்டு மில்க், கோக்கோ, வெண்ணெய், பொடித்த முந்திரி சேர்த்துப் பிசைந்தார்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டல். பிள்ளைகள் உருட்டியதில் சில எலுமிச்சை, சில பேரீச்சை, ஒன்று உருளைக்கிழங்கு.

பாட்டி எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. முட்டைகளைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "முட்டைக்கு ஒரு பக்கம் கூம்பாக இருக்க வேண்டாமா?" என்றார். முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் வெண்ணெய் தடவி, உருண்டையை ஒரு ஓரமாகச் சாய்த்துச் சுழற்றினால் கூம்பு தானே வரும் என்று காட்டினார். பையனுக்கு மூன்றாவது முயற்சியில் வந்தது. அவன் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டபோது தழும்பின் மேல் ஒரு கணம் அவர் விரல் தங்கியது. ஒன்றும் சொல்லவில்லை. அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

உருட்டிக்கொண்டே பாட்டி பேச ஆரம்பித்தார். புத்தூர் பக்கத்தில் அவர் பிறந்த வீட்டுப் பாக்குத் தோப்பில் ஊடுபயிராகக் கோக்கோ நின்றது. காயை உடைத்தால் விதையைச் சுற்றி வெள்ளைச் சதை. தித்திப்பும் புளிப்புமாக இருக்கும். சப்பிவிட்டு விதையைத் துப்புவார்கள். அந்த விதைதான் சாக்லேட் என்று வீட்டில் பலருக்கு நம்பிக்கையில்லை, கடித்தால் கசக்கும். 1980வாக்கில் விலை விழுந்து மரங்களை வெட்டிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1973இல் பாக்கு விவசாயிகளுக்காகத் தொடங்கிய கேம்ப்கோ கூட்டுறவு, கோக்கோவையும் வாங்கத் தொடங்கி, 1986இல் புத்தூரிலேயே சாக்லேட் தொழிற்சாலை போட்டது.

"துப்பிய விதையை எண்ணினால் ஒரு லாரி வரும்" என்றார் பாட்டி. பையன் கணக்குப் போட ஆரம்பித்தான்.

இரண்டாவது கட்டியை உருக்கியபோது தங்கையின் கையை அவனே துணியால் துடைத்துவிட்டான். கார்ன்ஃபிளேக்ஸைப் புரட்டி, காகிதக் கிண்ணங்களில் குருவிக் கூடு போலக் குழித்து வைத்தார்கள். பன்னிரண்டு கூடுகள். இந்த ஊர் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் சீக்கிரம் நமுத்துவிடும் என்பதால் உடனே மூடி ஃப்ரிட்ஜுக்குப் போயின. முட்டைகள் 34. இரவுப் பூசைக்குப் போகும் முன் பாட்டி கடைசியாக ஒருமுறை பார்த்து, அடுத்த வருடம் ரோஸ் வாட்டர் கொஞ்சம் விடலாம் என்றார்.

ஞாயிறு காலை அவர் டீக்குப் பால் வைத்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பையன் உள்ளே வந்தான். பாட்டியின் கை தானாகப் பாத்திரத்தைச் சுவர்ப் பக்கம் நகர்த்தியது. அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து, அடுப்புக்கு முதுகு காட்டி நின்றபடி, விரல் விட்டு எண்ணினான்.

"முப்பத்தொன்றுதான் இருக்கிறது" என்றான். "யார் எடுத்தது?"

பாட்டி பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.