ஓரியூரும் ஒரு சாப்பாட்டு பில்லும்

போன சிம்போசியத்துக்கு நான்தான் ட்ரெஷரர். வாங்கினது 28 சாப்பாடு, பில்லுல போட்டது 40. "எல்லாரும் பண்றதுதான்டா"ன்னாங்க. கையெழுத்துப் போட்டேன். மிச்சக் காசுல டீமோட பிரியாணி சாப்பிட்டோம். யாரும் கேட்கல. நானும் மறந்துட்டேன்.

அடுத்த மாசம் அப்பத்தாவுக்கு ஓரியூரில் ஒரு நேர்த்திக்கடன். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியா போனோம். அங்கே சிவப்பு மண்ணை எல்லாரும் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போறாங்க. புனித அருளானந்தர் சிந்திய ரத்தத்தால் சிவந்த மண் என்பது நம்பிக்கை.

அருளானந்தரின் சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர். சின்ன வயசில் போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பெட்ரோவோடு வளர்ந்தவர். அதையெல்லாம் விட்டுட்டு இங்கே வந்து, காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, மறவர் சீமையில் நடந்தே ஊழியம் செய்தார். 1686-ல் பிடிபட்டு அடி, சித்திரவதை. பிறகு போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டார். அந்த பெட்ரோ அப்போ ராஜா. அங்கேயே இருக்கச் சொன்னார். இவர் கேட்காம 1690-ல் திரும்பி வந்துட்டார்.

தடியத்தேவர் என்ற தலைவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடுதான் வாழணும்னு சொன்னார். தேவரும் சம்மதித்தார். விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருத்தர் கிழவன் சேதுபதிக்கு உறவு. அவங்க வலியும் நியாயமானதுதான். ஆனா அதன் முடிவு, 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் இவர் தலை வெட்டப்பட்டது.

பெரிய மனுஷன்தானேன்னு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாம். ஏழைக்கு ஒரு சட்டம், தேவருக்கு ஒரு சட்டம்னு அவரால் வைக்க முடியல.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த பில்லு ஞாபகம் வந்தது. எனக்கு ஏன் 'முடியாது'ன்னு சொல்ல வரல? நல்ல ட்ரெஷரர்னு பேர் வாங்கணும், டீமுக்கு என்னைப் பிடிக்கணும். அவ்வளவுதான். அரண்மனையே வேண்டாம்னு வந்தவரை எதைக் காட்டி மடக்க முடியும்? பணிவும் நேர்மையும் வேற வேற குணம்னு நினைச்சிருந்தேன். இல்ல. நாற்காலி மேல ஆசை இல்லாதவனுக்குத்தான் கையெழுத்துப் போடாம இருக்க முடியுது.

திங்கட்கிழமை 12 சாப்பாட்டுக்கான 1,440 ரூபாயை அசோசியேஷன் கணக்குல கட்டிட்டு, ஸ்டாஃப் சார்கிட்ட விஷயத்தையும் சொன்னேன். "பெரிய காந்தி"ன்னு பசங்க இன்னும் ஓட்டுறாங்க. ஓட்டட்டும். பிரியாணி சாப்பிட்டது நானும்தானே.